ஓடிய விமானம் ஏன் நின்றது? ரன்வே பற்றிக் கோவைப் பயணிகள் கேட்கும் கேள்விகள்

பீளமேட்டில் விமானம் ஏறுகிறவர்கள் என்றால் ஒருகாலத்தில் மில் முதலாளிகளும் திருப்பூர் ஏற்றுமதியாளர்களும்தான். இப்போது பேரனைப் பார்க்க சிங்கப்பூர் போகிற அன்னூர் அப்பச்சியும் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போகிற காங்கயத்துப் பையனும் அதே வரிசையில் நிற்கிறார்கள். கிளம்ப ஓடிய விமானம் பாதியில் நின்றுவிட்டால் குடும்பக் குழுவில் உடனே ஒரு குரல்பதிவு வந்துவிடுகிறது: "சாமி புண்ணியத்துல தப்பிச்சோம்." அதற்குப் பின்னால் வருகிற கேள்விகளும் பதில்களும் இவை.

ஏனுங்க, வேகமா ஓடிட்டிருந்த விமானம் டக்குனு பிரேக் போட்டு நின்னுடுச்சு. மயிரிழையில தப்பிச்சோம்னுதானே அர்த்தம்?

பெரும்பாலும் அப்படி இல்லைங்க. புறப்பாட்டைக் கைவிடுவது விமானிகள் பயிற்சிக் கருவியில் திரும்பத் திரும்பச் செய்து பழகும் ஒரு காரியம். உலக அளவில் ஏறத்தாழ 3,000 புறப்பாடுகளுக்கு ஒன்று இப்படி நிற்கிறது என்பது விமானத் துறையில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் பெரும்பகுதி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அந்த வேகத்தில் நிறுத்துவதால் விமானத்துக்குச் சேதம் எதுவும் வராது. கையிலிருந்த காபி மட்டும் சிந்தும்.

தொலைக்காட்சியில் இதையே "பயணிகள் அலறல்" என்று போடுவார்கள். தரையில் நடந்ததற்கு "நடுவானில்" என்று தலைப்பு வைத்த செய்திகளும் உண்டு. அவற்றை விடுங்கள். நான் பயப்படுவது வேறு வகை விமானத்துக்கு: நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காததற்கும், நிற்கக் கூடாத நேரத்தில் நிற்கப் பார்த்ததற்கும்.

எதுக்கெல்லாம் நிறுத்துவாங்க?

வேகம் குறைவாக இருக்கும்போது சின்னக் காரணமே போதும். எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இரண்டு வேகமானிகள் இரண்டு கணக்குக் காட்டின, கதவு சரியாக மூடவில்லை என்று காட்டியது, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டவரிலிருந்து "நில்" என்றார்கள், இப்படி. வேகம் ஏறிய பிறகு பட்டியல் சுருங்கிவிடும். இன்ஜின் செயலிழப்பு, தீ, முன்னால் காற்றின் வேகமும் திசையும் ஆபத்தான அளவுக்குத் திடீரென மாறுவதாக எச்சரிக்கை, அல்லது இந்த விமானம் இனிப் பறக்காது என்று கேப்டனுக்குத் தெளிவாகத் தெரிவது. இந்த எல்லைக்கோட்டை போயிங் விமானங்களில் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டரிலும், ஏர்பஸ்ஸில் சுமார் 185 கிலோமீட்டரிலும் வைத்திருக்கிறார்கள்.

2022 அக்டோபர் 28 இரவு தில்லியிலிருந்து பெங்களூரு கிளம்பிய விமானத்தின் இன்ஜினிலிருந்து தீப்பொறி பறந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஓட்டத்திலேயே நிறுத்தினார்கள். பயணிகள் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள்.

"வீ-ஒன்"னு ஏதோ சொல்றாங்களே, அதென்னுங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்பு விமானிகள் ஒரு வேகத்தைக் கணக்கிட்டு வைக்கிறார்கள். விமானத்தின் எடை, அன்றைய வெயில், காற்றின் திசை, ரன்வேயின் நீளம், அது ஈரமாக இருக்கிறதா காய்ந்திருக்கிறதா என எல்லாவற்றையும் சேர்த்து வருகிற எண் அது. அதன் பெயர்தான் வீ-ஒன். நடுத்தர ஜெட் விமானத்துக்கு மணிக்கு 240 முதல் 270 கிலோமீட்டர் வரை வரலாம். அந்த வேகத்துக்குள் பிரேக் போட ஆரம்பித்துவிட்டால் மிச்சமுள்ள ரன்வேக்குள் நின்றுவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் ஒரு இன்ஜின் போனாலும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

பலர் இதை "யோசித்து முடிவெடுக்கும் வேகம்" என்று புரிந்துகொள்கிறார்கள். யோசிப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த வேகம் வரும்போது கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும். ஓட்டத்தின்போது யார் விமானத்தை ஓட்டினாலும், வழக்கமாக இன்ஜின் விசைக் கம்பிகளின் மேல் இருப்பது கேப்டனின் கை. "வீ-ஒன்" என்று குரல் வந்ததும் அந்தக் கையை எடுத்துவிடுவார். பழக்கதோஷத்தில்கூட பின்னால் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

அதற்கு முன் கேப்டன் "ஸ்டாப்" என்றால் விசைக் கம்பிகள் பின்னால் போகும். தானியங்கி பிரேக் முழு அழுத்தத்தில் பிடிக்கும். இறக்கைமேல் பலகைகள் எழுந்து காற்றைத் தடுத்து, எடை முழுவதையும் சக்கரங்களின் மேல் உட்கார வைக்கும். இன்ஜின் காற்று முன்பக்கமாகத் திரும்பும். நீங்கள் கேட்ட அந்தப் பெரிய இரைச்சல் இதுதான், எதுவும் வெடிக்கவில்லை.

ஒரு இன்ஜின் போன பிறகும் மேலே ஏறுறது பைத்தியக்காரத்தனம் இல்லீங்களா? முட்டியாவது நிறுத்திடலாமே?

மனசுக்கு அப்படித்தான் தோன்றும். மண்ணில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது நம் உடம்பில் ஊறிய எண்ணம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: லோடு ஏற்றிய வண்டி இரண்டு மடங்கு வேகத்தில் போனால் நிற்க இரண்டு மடங்கு தூரம் போதாது, நாலு மடங்கு வேண்டும். விமானத்திலும் அதே. மணிக்கு 185 கிலோமீட்டரில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலைப்போல் 260-இல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்துவிடுகிறது. எடையோ 70 டன்னுக்கு மேல். அதுவும் நிறுத்த ஆரம்பிக்கும்போது ரன்வேயில் பாதிக்கு மேல் பின்னால் போயிருக்கும்.

மேலே போனால் என்ன ஆகும்? இரண்டு இன்ஜின் விமானம் ஒரே இன்ஜினில் ஏறி, வட்டமடித்து, இறங்கும். அப்படி ஏற முடியும் என்று சோதித்துக் காட்டிய பிறகுதான் அந்த ரக விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். புறப்பாட்டைக் கைவிட்டு ரன்வேயைத் தாண்டி ஓடிய பழைய விபத்துகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் வீ-ஒன்னைத் தாண்டிய பிறகு நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. டயர் வெடித்த சத்தத்தை இன்ஜின் போன சத்தம் என்று நினைத்து நிறுத்தியவையும் அவற்றில் உண்டு.

இதற்கு எதிர்வாதமாக, ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானத்தைச் சொல்பவர்கள் உண்டு. 2000 ஜூலை 25-ஆம் தேதி பாரிஸில் ரன்வேயில் கிடந்த ஓர் உலோகத் தகடு அதன் டயரைக் கிழித்தது. டயர்த் துண்டு தெறித்து எரிபொருள் தொட்டியைத் தாக்க, தீ பிடித்தது. தெரியவந்தபோது நிறுத்தும் வேகம் கடந்துபோயிருந்தது. ஏறிய விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். அங்கே முதல் பிழை விமானி அறையில் நடக்கவில்லை. முன்னால் போன வேறொரு விமானத்திலிருந்து விழுந்த தகடு ரன்வேயில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் வண்டியில் போய் ரன்வேயைக் கண்ணால் பார்த்து வருகிற ஊழியர்களின் வேலை எவ்வளவு பெரியது என்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் உறைத்தது.

நின்னதுக்கு அப்புறம் அரை மணி நேரம் உள்ளேயே உக்கார வெச்சிருந்தாங்க. தீயணைப்பு வண்டி வேற வந்துச்சு. எதையோ மறைக்கறாங்களா?

பிரேக் சூட்டைப் பார்க்கிறார்கள். வேகத்தில் நிறுத்தினால் பிரேக் தட்டுகள் பல நூறு டிகிரிக்குக் காய்ந்துவிடும். அந்தச் சூட்டில் டயர் வெடிக்காமல் இருக்க, சக்கரத்தில் ஒரு சின்ன அடைப்பு வைத்திருக்கிறார்கள்; அது உருகிக் காற்றை மெதுவாக வெளியே விட்டுவிடும். புது ரக விமானத்துக்கு அனுமதி தரும்போது, தேய்ந்த பிரேக்கோடு, முழு எடையோடு ஓடி நிறுத்திக் காட்ட வேண்டும். நின்ற பிறகு 5 நிமிடம் தீயணைப்பு வண்டி கிட்டவே போகக் கூடாது. அந்த 5 நிமிடமும் விமானம் தானாகத் தாக்குப்பிடிக்க வேண்டும்.

எனவே வண்டிகள் சுற்றி நின்றால் பதற வேண்டாம், அது முறை. சூடு ஆறும்வரை மீண்டும் கிளம்ப விடமாட்டார்கள்; அடுத்த ஓட்டத்திலும் நிறுத்த வேண்டி வந்தால் காய்ந்த பிரேக் பிடிக்காது.

ஆனால் நின்றுவிட்டாலே எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. 1985 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தின் மான்செஸ்டர். ஓடிக்கொண்டிருந்த விமானத்தில் பெரிய சத்தம். டயர் வெடித்திருக்கும் என்று நினைத்து, பிரேக்கை அடித்துப் பிடிக்காமல் நிதானமாகவே நிறுத்தி, ரன்வேயை விட்டுப் பக்கவாட்டில் திருப்பினார்கள். உடைந்தது இன்ஜின். திரும்பி நின்ற கோணத்தில், லேசாக அடித்த காற்று தீயை நேரே உடற்பகுதியின் மேல் தள்ளியது. 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில். இன்று விமானத் தரையில் வழிகாட்டும் விளக்குகள் இருப்பதும், இருக்கைகள் எளிதில் தீப்பிடிக்காத உறையோடு வருவதும், அவசரக் கதவு வரிசையில் இடம் விட்டிருப்பதும் பெரிதும் அந்த விபத்துக்குப் பிறகு வந்த மாற்றங்கள்.

அப்ப, நின்னவுடனே நாமளே எந்திரிச்சு ஓடிடலாமுங்களா?

கூடாது. கதவுக்கு வெளியே இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். தீ எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியாது. உட்காருங்கள், பெல்ட்டைக் கழற்றாமல் அறிவிப்பைக் கேளுங்கள். வெளியேறச் சொன்னார்களா, உடனே வெளியேறுங்கள், வெறுங்கையோடு. நகையும் பாஸ்போர்ட்டும் மேல்பெட்டியில் இருக்கிறது என்று திரும்பிய ஆளுக்குப் பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். நகை விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எப்படி என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: பாஸ்போர்ட், போன், மருந்து மூன்றையும் உடம்போடு ஒட்டிய சின்னப் பையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது.

கூட்டமான ஏர்போர்ட்டுல ஒரே ரன்வேயில ரெண்டு விமானம் எப்படி வந்து மாட்டுது? டவர்ல ஆள் இருக்காங்களே?

ஆள் இருக்கிறார்கள். ஆனால் குரலை நம்பித்தான் வேலை நடக்கிறது, குரல் தப்பாகக் கேட்கலாம்.

விமான வரலாற்றிலேயே அதிகம் பேரைக் கொன்ற விபத்து வானில் நடக்கவில்லை, ரன்வேயில் நடந்தது. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. அடர்ந்த மூடுபனியில், அனுமதி வராமலே ஒரு ஜம்போ ஜெட் புறப்பாட்டு ஓட்டத்தைத் தொடங்கியது. அதே ரன்வேயில் எதிரே இன்னொரு ஜம்போ வந்துகொண்டிருந்தது. 583 பேர் இறந்தார்கள். அதன்பின் வானொலிப் பேச்சு விதியே மாறியது. "டேக்-ஆஃப்" என்ற சொல்லை, கிளம்ப அனுமதி தரும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் "டிபார்ச்சர்". ரன்வேக்குள் நுழைய, கடக்க, கிளம்ப என்று எந்த அனுமதி வந்தாலும் விமானி அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

அதோடு தீர்ந்துவிடவில்லை. 2001 அக்டோபர் 8, இத்தாலியின் மிலான் லினாட்டே விமான நிலையம்: பனிமூட்டத்தில் ஒரு சிறு விமானம் வழிதவறி ரன்வேக்குள் வந்தது, கிளம்ப ஓடிக்கொண்டிருந்த பெரிய விமானம் மோதியது. 118 பேர் இறந்தார்கள். தரையைக் காட்டும் ரேடார் அங்கே வேலையில் இல்லை. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா: கடலோரக் காவல் படை விமானம், இறங்க அனுமதி பெற்ற பயணிகள் விமானத்துக்கு முன்னால் ரன்வேயில் போய் நின்றுவிட்டது. அதிலிருந்த 5 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்திலிருந்த 379 பேரும், எரிந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து பையைத் தொடாமல் இறங்கிப் பிழைத்தார்கள். மேலே வெறுங்கையோடு என்று சொன்னேனே, அதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

நம் பக்கமும் நூலிழைகள் உண்டு. 2024 ஜூன் 8-ஆம் தேதி மும்பையில் ஒரு விமானம் கிளம்பித் தரையை விட்டு எழும் நேரத்திலேயே, அதே ரன்வேயின் பின்முனையில் இன்னொன்று இறங்கியது. அந்த வீடியோவும் ஊரெல்லாம் சுற்றியது. மும்பையில் இரண்டு ரன்வேக்கள் இருந்தாலும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால், இரண்டையும் தனித்தனியாக ஓட்ட வழியில்லை. நெரிசல் எவ்வளவானாலும் இடைவெளியை நொடிக் கணக்கில்தான் பிழிய வேண்டியிருக்கிறது.

தடுப்புகள் என்னென்ன என்று கேட்டால், ரன்வேக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடுகள்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்ட கோடு. பெரிய நிலையங்களில் அங்கே குறுக்கே சிவப்பு விளக்கு வரிசை எரியும். எரியும்போது டவர் "வா" என்றாலும் தாண்டக் கூடாது என்பது விதி. ஹனேடாவில் அந்த இடத்து விளக்குகள் அன்று பராமரிப்புக்காக அணைந்திருந்தன. நடுக்கோட்டு விளக்குகள் உள்ள ரன்வேயில், கடைசி 900 மீட்டரில் அவை சிவப்பும் வெள்ளையுமாக மாறும், கடைசி 300 மீட்டர் முழுச் சிவப்பு. இரவில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரன்வேயின் ஓர விளக்குகளாவது கண்ணில் படும்.

டவர் "நிறுத்து" என்று சொல்லி நிற்பதும் இந்த வகையில் சேரும். முன்னால் இறங்கிய விமானம் ரன்வேயை விட்டு விலகத் தாமதமானால், ஓட ஆரம்பித்ததை நிறுத்தச் சொல்வார்கள். விமானத்தில் எந்தக் கோளாறும் இருக்காது.

நம்ம கோயமுத்தூர் ரன்வே போதுமுங்களா?

இப்போது வந்துபோகும் நடுத்தர ஜெட்களுக்குப் போதும். ஏறத்தாழ 3 கிலோமீட்டர். நீட்டுவதற்கான நில எடுப்பு பல வருடம் இழுத்தது தனிக் கதை. அது பெரிய உடல் விமானங்கள் முழுச் சுமையோடு தொலைதூரம் போவதற்காக.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும். லேசான காற்றில் இறக்கைக்கும் இன்ஜினுக்கும் பிடிப்புக் குறைவு, ஓட வேண்டிய தூரம் கூடும். மார்கழி விடியற்காலையில் கிளம்புவதைவிட மே மாத மதியத்தில் கிளம்பும் விமானம் நீளமாக ஓடுவதை நீங்களே கவனிக்கலாம். இன்னொரு பக்கம், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நமக்கு உதவி. ரன்வே வடகிழக்கு தென்மேற்காக இருக்கிறது; அந்த மாதங்களில் தென்மேற்கு நோக்கி எதிர்காற்றில் கிளம்பினால் ஓட்டம் குறையும், நிற்கவும் இடம் அதிகம் மிஞ்சும்.

சேலம் நிலையம் வேறு. ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் ரன்வே 1.8 கிலோமீட்டர்தான். முழுச் சுமையோடும் சுமார் 1.3 கிலோமீட்டரில் கிளம்பிவிடும், இறக்கையில் விசிறி (ப்ரொப்பல்லர்) சுழலும் விமானங்கள் அங்கே வருவதற்குக் காரணம் இது. "சேலத்துக்கு ஏன் பெரிய விமானம் விடமாட்டேங்கறாங்க" என்ற கோபத்துக்கு அரசியல் பதில்கள் பல இருக்கலாம்; பாதியில் நிற்க இடம் வேண்டும் என்பது இயற்பியல் பதில்.

பறவைக்கும் இதுக்கும் என்னுங்க சம்பந்தம்?

கொங்கு நாட்டில் இதுதான் நம் கையில் இருக்கிற விஷயம்.

2022 ஜூன் மாதம் கோவையிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானத்தில் பறவை மோதியதால் புறப்பாட்டைக் கைவிட்டார்கள். பருந்து போன்ற எடையுள்ள பறவை இன்ஜினுக்குள் போனால் சுழலும் தகடுகள் வளையும், சில நேரம் உடையும். ஓட்டத்தில் நடந்தால் நிறுத்தலாம். வீ-ஒன்னுக்கு அப்புறம் நடந்தால், மேலே சொன்ன ஒற்றை இன்ஜின் கதை.

பருந்து ஏன் வருகிறது? பல்லடம் பக்கம் கறிக்கோழி, நாமக்கல் பக்கம் முட்டை என்று கோழித் தொழிலில் இந்தியாவுக்கே பெயர்போன வட்டாரம் நம்முடையது. ஊருக்கு ஊர் கறிக்கடை. கடையடைத்த பிறகு இறகும் குடலும் மூட்டையாக எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்: பள்ளவாரி, குளத்தங்கரை, ஆளில்லாத சைட். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவில் அப்படிக் கழிவு கொட்டுவதையும் திறந்தவெளியில் ஆடுமாடு அறுப்பதையும் 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளிலேயே தடை செய்திருக்கிறார்கள். விதிக்கு வயதாகிவிட்டது, மூட்டைகள் நிற்கவில்லை.

மயில் இன்னொரு சங்கடம். நம் பக்கத் தோட்டங்களில் மயில் பெருகிப்போனது தக்காளி போட்டவர்களைக் கேட்டால் தெரியும். தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டப்படி உச்சப் பாதுகாப்பில் உள்ளது, தொட முடியாது. விமான நிலையங்கள் செய்ய முடிவது புல்லை வெட்டி வைப்பது, பூச்சியைக் கட்டுப்படுத்துவது, சத்தம் போட்டு விரட்டுவது. சுற்றியுள்ளவர்கள் தீனி வைப்பதை நிறுத்தாதவரை விரட்டியது திரும்பி வரும்.

ரன்வேயைத் தாண்டிப் போயிட்டா என்ன ஆகும்?

ரன்வே முடிந்த பிறகும் சமதளமாகக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்பது சர்வதேச விதி: குறைந்தது 90 மீட்டர், முடிந்தால் 240. சமவெளியில் இருக்கும் கோவையில் நிலம் கிடைத்தால் இதைச் செய்துவிடலாம். குன்றை வெட்டி உண்டாக்கிய மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் ரன்வே முனைக்கு அப்புறம் பள்ளம். 2010 மே 22-இல் மங்களூரில் 158 பேரும், 2020 ஆகஸ்ட் 7-இல் கோழிக்கோட்டில் 21 பேரும் இறந்தது அப்படித்தான். இரண்டும் இறங்கும்போது நடந்தவை.

அதே விமானத்துலயே மறுபடி ஏறச் சொன்னா ஏறலாமுங்களா? தாமதத்துக்கு ஏதாச்சும் கிடைக்குமா?

ஏறலாம். பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, கேப்டனும் ஒப்புக்கொண்டால்தான் அது கிளம்பும். அவரும் அதில்தான் உட்காரப் போகிறார். கவுண்டரில் நின்று "எப்ப எடுப்பீங்க, எப்ப எடுப்பீங்க" என்று ஊழியரை நெருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சரிபார்க்கிற ஆளை அவசரப்படுத்தி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

உள்நாட்டில் இரண்டரை மணி நேரத்துக்குள் பறக்கும் விமானம் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடும் தண்ணீரும் தர வேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விமானமோ முழுப்பணமோ நீங்கள் கேட்கலாம். வானிலை மாதிரி நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணம் என்றால் இழப்பீடு கேட்க முடியாது. எதுவானாலும் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், குறுஞ்செய்தியாக இருந்தாலும் சரி. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.